சம்பந்தமில்லை என்று நான் சொன்ன நாள்

கணிதத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. வாழ்த்து மடல் எதிர்பார்த்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், எனக்கு அது வராது. பாடத்திட்டத்தை எப்படி முடிப்பது, ஆய்வுக் குழு வரும்போது கோப்புகளை எப்படி அடுக்குவது என்பதெல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். அதைச் சொல்லித் தர ஆள் இருக்கிறது. நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. அதனால் அதை எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருஷம் இந்தக் கல்லூரியில் கத்திக் கத்திப் பாடம் நடத்தினேன். தாழ்வாரத்தில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் 'சரவெடி வருதுடா' என்பார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என் வகுப்பில் ஒருவன் பேசமாட்டான், ஒருத்தி திரும்பமாட்டாள். ஒரு பிள்ளை எழுந்து 'புரியல' என்று சொல்லவும் மாட்டாது என்பதை மட்டும் நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

அது இரண்டாம் ஆண்டு தமிழ் வழி வகுப்பு. நாற்பத்தெட்டுப் பேர். ரெட்டியார்சத்திரம், சித்தையன்கோட்டை, சேவுகம்பட்டி என்று சுற்று ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள். பாதிப் பேர் காலையில் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வருவார்கள். அவர்களுக்கு நிகழ்தகவு நடத்திக்கொண்டிருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியட். ஞாயிற்றுக்கிழமை ஏதோ போட்டித் தேர்வுக்கு என்னை மேற்பார்வைக்குப் போட்டிருந்தார்கள். என்னைக் கேட்காமல் போட்ட கோபம் எனக்கு. மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எப்படியோ தைரியம் வந்து எழுந்து, சார்பிலா நிகழ்ச்சி என்றால் என்ன என்று இன்னொரு தடவை சொல்லும்படி கேட்டான். நான் டஸ்டரை மேஜையில் போட்டுவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னேன்.

"சார்பிலான்னா பெரிய விஷயமில்லப்பா. ரெண்டுக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லன்னு அர்த்தம். எழுதிக்கங்க."

எல்லோரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்கள். மணி அடித்தது. நான் போய்விட்டேன்.

சார்பிலா நிகழ்ச்சி, அதோடு பிள்ளைகள் குழப்பிக்கொள்ளும் ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சி, இந்த இரண்டையும் இங்கே சரியாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அன்று நான் சொல்லவில்லையே, அதனால் சொல்கிறேன். ஒரே காசைச் சுண்டினால் பூ விழும், அல்லது தலை விழும். ஒன்று விழுந்தால் இன்னொன்று விழ வழியே இல்லை. இவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். நீங்கள் இங்கே ஒரு காசு சுண்டுகிறீர்கள், பழனியில் ஒருவர் ஒரு காசு சுண்டுகிறார். உங்களுக்கு என்ன விழுந்தது என்று தெரிந்துகொண்டு அவருக்கு எது விழும் என்று எதுவும் சொல்ல முடியாது. இவை சார்பிலா நிகழ்ச்சிகள். இரண்டும் வேறு வேறு. வேறு மட்டுமில்லை, கிட்டத்தட்ட எதிர். முதல் வகையில் ஒன்றைச் சொன்னால் மற்றது உடனே தெரிந்துவிடும். இரண்டாவதில் ஒன்றைச் சொன்னால் மற்றதைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

ஒன்றரை மாதம் கழித்து அகமதிப்பீட்டுத் தேர்வு வந்தது. ஒரு கேள்வி இதுதான்: இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று விலக்குபவை, இரண்டின் நிகழ்தகவும் பூச்சியம் இல்லை என்றால், அவை சார்பிலா நிகழ்ச்சிகளாக இருக்க முடியுமா? காரணம் எழுது.

முடியாது என்பது விடை. துறை அறையில் உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தேன். முதல் தாளில் 'முடியும். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை. ஆகவே சார்பிலா நிகழ்ச்சிகள்' என்று இருந்தது. அடித்துப் பூச்சியம் போட்டேன். இரண்டாவது தாளிலும் அதே வாக்கியம். மூன்றாவதிலும். பத்தாவது தாளில் எனக்குக் காது சூடாகிவிட்டது. மொத்தம் நாற்பத்தொரு தாளில் ஒரு சொல் கூட மாறாமல் அதே 'சம்பந்தம் இல்லாதவை' வாக்கியம்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. காப்பி. அன்று தேர்வறையில் வேறு துறைக்காரர் மேற்பார்வை. அவர் ஜன்னல் பக்கம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார், இவர்கள் வரிசையாகத் தாளைக் கடத்தியிருப்பார்கள் என்று முடிவு கட்டினேன். எங்கிருந்து ஆரம்பித்தது என்பதையும் நானே கண்டுபிடித்தேன். முதல் பெஞ்சில் மகேஸ்வரி. சேவுகம்பட்டிப் பெண். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பிள்ளை. பதிவு எண் வரிசையில் அவளுக்கு நேர் பின்னால் மணிகண்டன். அவனும் சேவுகம்பட்டி. விசாரித்ததில் அவள் பெரியப்பா மகன் என்றார்கள். எனக்கு அதுவே போதுமாயிருந்தது. அண்ணனுக்குக் காட்டியிருக்கிறாள், அவன் பின்னால் கடத்தியிருக்கிறான், நாற்பது பேருக்குப் போயிருக்கிறது.

முதல்வருக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். துறைத்தலைவர் எதிரில் இருந்தார். என்னைவிட ஆறு வயது இளையவர். எனக்கு முன்னால் அந்த நாற்காலிக்கு வந்தவர் என்பதால் அவர் மேல் எனக்கு எப்போதும் ஒரு கடுப்பு உண்டு. எதைக் கொண்டுபோனாலும் அவர் வாயில் ஒரே பதில்தான் வரும். அன்றும் அதையே சொன்னார்.

"செத்த நேரம் கழிச்சு எழுதலாமே மேடம்."

"நீங்க செத்த நேரம், செத்த நேரம்னே ரிட்டயர் ஆகிடுவீங்க சார்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு டம்ளரில் சுக்குக் காபியை ஊற்றிக்கொண்டார். நான் எழுதி, கையெழுத்துப் போட்டு, நானே மாடியேறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகேஸ்வரி பெயரைப் புகாரின் இரண்டாவது வரியிலேயே எழுதியிருந்தேன்.

எங்கள் கல்லூரியில் அப்போதிருந்த விதிப்படி, காப்பி நிரூபணமானால் அந்த செமஸ்டர் தேர்வு எழுத முடியாது. ஆரம்பித்து வைத்த ஆளுக்கு அடுத்த செமஸ்டரும் போய்விடும். ஒரு வருஷம் என்பது நமக்கு ஒரு வருஷம். அந்த ஊர்களிலிருந்து வரும் பெண் பிள்ளைக்கு ஒரு வருஷம் போனால் படிப்பே போச்சு. இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் எழுதினேன். தப்புச் செய்தவள் அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு விசாரணை. முதல்வர், துறைத்தலைவர், நான். மகேஸ்வரி அவள் அப்பாவோடு வந்திருந்தாள். மனிதர் சம்பங்கிப் பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு நேராக வந்திருந்தார். சட்டையில் பூ வாசம். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. மணிகண்டனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் அப்பா வரவில்லை. ஏன் என்று அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

யாரிடமிருந்து அந்த விடை வந்தது என்று முதல்வர் கேட்டார். மகேஸ்வரி என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னாள்.

"மேடம் சொன்னதுதான் சார். நோட்டுல இருக்கு."

நோட்டை விரித்து வைத்தாள். வெள்ளிக்கிழமைத் தேதி போட்டு, 'சார்பிலா = ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அப்படி ஒரு வார்த்தையை நான் சொல்லவே இல்லை என்றேன். நேற்று ராத்திரி கூட இதை எழுதியிருக்கலாமே என்றும் சொன்னேன். பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பார்த்து, அவள் அப்பா பக்கத்தில் நிற்கும்போது. எழுதும்போது இப்போதும் எனக்குக் கை கூசுகிறது. அப்போது கூசவில்லை.

அவள் அப்பா முதல்வரைக் கும்பிட்டார். அவருக்குக் கோபமில்லை, பயம்தான்.

"அய்யா, எம்மக தப்புப் பண்ணியிருந்தா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிர்றேன். பூப்பறிக்க ஆள் கெடைக்காமத்தேன் இருக்கு. ஆனா இது அப்பிடிச் செய்ற புள்ளயில்லய்யா."

முதல்வர் அதை விட்டுவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த பையன் உங்கள் அண்ணன் மகனாமே என்று கேட்டார். மனிதர் முகம் மாறிவிட்டது.

"அண்ணன் மகன்தேன். ஆனா அவுகளுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே கெடையாதுய்யா. நாலு வருசமாச்சு. ஒரு காதுகுத்துல மொத எலைய யாருக்குப் போடுறதுங்கிறதுல வந்தது. அவுக வார விசேசத்துக்கு நாங்க போறதில்ல. நாங்க இருக்கோம்னா அவுக வாசலோட திரும்பிருவாக. இந்தா, இன்னைக்குக்கூட நான் வாரேன்னு தெரிஞ்சுதேன் அவரு வரல."

முதல்வர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது எப்படி முன்னாடியே தெரியும் என்று கேட்டார்.

"விசாரிப்போம்லய்யா. அவுக வாராகளா இல்லையான்னு கேக்காம நான் சட்டையே மாத்தமாட்டேன்."

நான் அதைக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தலையில் யாரோ தட்டின மாதிரி இருந்தது.

அண்ணன் வருகிறாரா என்று கேட்காமல் சட்டை மாற்றாத மனிதர், தனக்கும் அண்ணனுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார். பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். ஊரில் ஒருவர் 'எங்களுக்கும் அவுகளுக்கும் சம்பந்தமில்ல' என்றால், அவர் வந்தால் நான் வரமாட்டேன், நான் வந்தால் அவர் வரமாட்டார் என்று அர்த்தம். அதாவது ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். அந்த வார்த்தையை எடுத்து, சார்பிலா நிகழ்ச்சிக்கு விளக்கம் என்று நான் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் கவனமாகக் கேட்டு, தங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தமோ அப்படியே புரிந்துகொண்டு, நான் சொன்னபடி எழுதியிருக்கிறார்கள். சொன்னேன் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கைப்பையைத் தோளில் மாட்டினது வரை வந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நினைவு வந்தவுடன் ஒத்துக்கொண்டேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. மற்றப் பிள்ளைகள் நோட்டைக் காட்டினாலும் சேர்ந்து எழுதினது என்று சொல்லிவிடலாம், நான் சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது என்ற யோசனையும் வந்தது.

துறைத்தலைவர், வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லலாமா என்று முதல்வரைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இத நடத்துன அன்னைக்கு யார் யார் வரல மேடம்?"

பதிவேடு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஆறு பேர் வரவில்லை. நான்கு பேர் கபடிப் போட்டிக்குப் போயிருந்தார்கள், இரண்டு பேர் ஊர்த் திருவிழாவுக்கு. அவர் அந்த ஆறு விடைத்தாளை மட்டும் உருவி எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். ஆறிலும் அந்த வாக்கியம் இல்லை. நான்கு பேர் வேறு வேறு விதமாகத் தப்பாக எழுதியிருந்தார்கள். இரண்டு பேர், கபடிக்காரர்கள், புத்தகத்தைப் பார்த்துத் தாங்களாகவே படித்து, சரியாக எழுதியிருந்தார்கள். வகுப்புக்கு வந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருவன் அந்தக் கேள்வியைத் தொடவில்லை. மீதி நாற்பத்தொரு பேரும் அந்த வாக்கியம்.

என் வகுப்புக்கு வராதவன் தப்பித்தான். வந்து உட்கார்ந்து கவனித்தவன் மாட்டினான். இருபது வருஷத்துக்கு மேல் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த எனக்கு, ஒரே மாதிரி நாற்பத்தொரு விடை வந்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கலாம், அல்லது எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம் என்று இரண்டு வழி இருப்பது தோன்றவில்லை. அந்த ஒரே இடம் நானாக இருக்கலாம் என்பது தோன்றவே இல்லை.

முதல்வருக்கும் புரிந்துவிட்டது. நல்ல மனிதர், ஒரு மூத்த ஆசிரியையை ஒரு தகப்பன் முன்னால் தலைகுனிய வைக்க விரும்பவில்லை. பிள்ளையை எச்சரித்து அனுப்பிவிடலாம், புகாரை இதோடு முடித்துக்கொள்ளலாம், மேடமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கட்டும் என்றார். எனக்குத் தப்பிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. தலையை ஆட்டினால் போதும். மகேஸ்வரி பரீட்சை எழுதுவாள். ஆனால் அவள் பேரில் எச்சரிக்கை என்று ஒரு காகிதம் இருக்கும். அவள் அப்பா ஊருக்குப் போகிற வழியெல்லாம் மகள் ஏதோ செய்திருக்கிறாள், மன்னித்து விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே போவார்.

துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன், என் புத்தி அப்படி. அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செத்த நேரத்தை அவர் எனக்குக் கொடுத்தார் என்று இப்போது புரிகிறது.

"எச்சரிக்கணும்னா என்னைத்தான் சார் எச்சரிக்கணும்" என்றேன். "அந்த வாக்கியம் என்னுது. நான்தான் சொன்னேன். இல்லன்னு சொன்னது பொய்."

புகாரைத் திரும்பப் பெறுகிறேன், தவறு என் பாடத்தில் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். என் பேனா எழுதவில்லை. துறைத்தலைவர் தன் பேனாவை மூடியைக் கழற்றி நீட்டினார். எழுதி முடித்து அந்தப் பெண்ணிடம் திரும்பி, தப்பு என்னுது மகேஸ்வரி என்றேன். மன்னித்துவிடு என்ற வார்த்தை எனக்கு வரவில்லை. அவள் 'பரவால்ல மேடம்' என்று சொல்லவில்லை. அவள் சொல்லாததும் நியாயம்தான். அழுதுகொண்டே நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். அவள் அப்பாவுக்கு நடந்தது முழுதாகப் புரியவில்லை. மகள் தப்புச் செய்யவில்லை என்பது மட்டும் புரிந்தது. என்னைப் பார்த்து, "பெரிய மனசு டீச்சரம்மா" என்றார். அன்று என்னை யார் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கீழே இறங்கும்போது துறைத்தலைவரிடம், நான் புகார் எழுதும்போதே உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது மேடம். நாப்பத்தோரு பேர் சேர்ந்து ஒரே மாதிரி காப்பியடிக்கிற அளவுக்கு நம்ம பிள்ளைகளுக்கு ஒத்துமை கெடையாதே, அதுதான் இடிச்சுது."

முப்பத்தொரு வருஷத்தில் எனக்கு எத்தனையோ பேர் மாலை போட்டிருக்கிறார்கள். பொன்னாடை பீரோவில் பூச்சி அரிக்கிறது. நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் என்று எண்ணினால், நோட்டை விரித்து வைத்து 'மேடம் சொன்னதுதான்' என்று என் முகத்துக்கு நேராகச் சொன்ன அந்தப் பெண் முதலில் வருகிறாள். அவள் பயந்து பேசாமல் இருந்திருந்தால் நான் ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிட்டு, நேர்மையாக நடந்ததாக நினைத்துக்கொண்டு ஓய்வு பெற்றிருப்பேன். அடுத்து வருகிறவர், நான் வாய்க்கு வாய் திட்டின அந்தத் துறைத்தலைவர். இது இரண்டையும் அவர்களிடமே நான் நேரில் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பாடப் புத்தகத்து வார்த்தையைப் பேச்சு வார்த்தையால் விளக்குங்கள், தப்பில்லை. ஆனால் அந்தப் பேச்சு வார்த்தைக்கு அந்தப் பிள்ளை வீட்டில் என்ன அர்த்தம் என்று கேளுங்கள். கேட்டால் சொல்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முகம் கடைசி வரை சரியாக வரவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை இருந்த ஆறு வருஷமும் முயற்சி செய்தேன், அவ்வளவுதான்.

விசாரணை முடிந்து வந்த திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பாடத்தை மறுபடி நடத்தினேன். நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று முதல் வாக்கியமாகச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. சரவெடி ஏதோ பொறி வைக்கிறது என்று நினைத்தார்கள். இரண்டு காசை எடுத்துச் சுண்டிக் காட்டினேன். யார் வீட்டுக் கதையையும் இழுக்கவில்லை. புரியாதவர்கள் கை தூக்குங்கள் என்றேன். வெகுநேரம் கழித்து ஒரு கை வந்தது. பிறகு ஏழெட்டு. அடுத்த வாரம் மறுதேர்வு வைத்தேன். அதே கேள்விதான், ஒரு உதாரணத்தோடு விளக்கு என்று மட்டும் சேர்த்தேன்.

மகேஸ்வரியின் தாளில் இப்படி இருந்தது: 'முடியாது. எங்கள் வீட்டாரும் பெரியப்பா வீட்டாரும் விசேஷத்துக்குப் போவது ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். பெரியப்பா வந்துவிட்டார் என்று தெரிந்தால் அப்பா வரும் நிகழ்தகவு பூச்சியம். ஆகவே சார்பிலா நிகழ்ச்சிகள் அல்ல.'

அடுத்த தாள் மணிகண்டனுடையது. 'முடியாது. எங்கள் வீட்டாரும் சித்தப்பா வீட்டாரும்' என்று ஆரம்பித்திருந்தான்.

இரண்டுக்கும் முழு மதிப்பெண் போட்டேன். தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டையும் வகுப்பில் வாசித்துக் காட்டட்டுமா என்று அவர்களைக் கேட்டேன். மகேஸ்வரி தலையாட்டினாள். மணிகண்டனும் ஆட்டினான். வாசித்தேன். வகுப்பு சிரிக்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தது. மணிகண்டன்தான் எழுந்தான்.

"மேடம், அது என்னயப் பாத்து எழுதியிருக்கு."

மகேஸ்வரி பெஞ்சில் அப்படியே திரும்பி உட்கார்ந்தாள். நான்கு வருஷத்தில் அவனிடம் அவள் பேசின முதல் பேச்சு அது என்று பிறகு சொன்னார்கள்.

"ஏலே, பின்னாடி உக்காந்திருந்தது நீயி. எனக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்கு?"

என் வகுப்பில் ஒரு பெண் என்னைக் கேட்காமல் பின்னால் திரும்பிப் பேசினாள். நான் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். அழித்து முடித்த பிறகும் செத்த நேரம் அழித்தேன்.